மலையாக்கக் கிரானைட்டுகள்: மூலமும் முத்திரையும்

1. கேள்வி

ஒரு பாறைக்கு இரண்டு விதமாகப் பெயர் வைக்கலாம். கையில் இருக்கும் கல்லில் எந்தக் கனிமம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி வைப்பது ஒரு வழி. அந்தக் கல் எதிலிருந்து, எப்படிப் பிறந்தது என்று ஊகித்து வைப்பது இன்னொரு வழி. எண்ணி வைத்த பெயர் எளிதில் மாறாது. ஆனால் அதிகம் சொல்லவும் சொல்லாது. ஊகித்து வைத்த பெயர் நிறையச் சொல்லும். ஊகம் ஆட்டம் கண்டால் பெயரும் ஆட்டம் காணும்.

பழைய மலைத்தொடர்கள் தேய்ந்த பிறகு வெளிப்படும் கிரானைட்டுகளை வகைபிரிப்பதில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக இரண்டாவது வழிதான் ஓங்கி நிற்கிறது. ‘ஐ-வகை’, ‘எஸ்-வகை’ என்ற இரண்டு முத்திரைகள் எல்லாக் கண்டங்களின் கிரானைட்டுகள் மேலும் விழுந்திருக்கின்றன. அவை 1974இல் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் லாக்லன் மலையாக்கப் பட்டையில் பிறந்தவை. அவற்றைத் தாங்கிய விளக்கம் அதே பட்டையில் கிடைத்த சான்றுகளாலேயே பிறகு பலமுறை அடிவாங்கியது. முத்திரைகள் மட்டும் அழியவில்லை. ஏன் அழியவில்லை, இன்று அவற்றை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எண்ணிக்கையும் காலவரிசையும்

முதலில் எதைக் கிரானைட் என்கிறோம் என்பது தெளிவாக வேண்டும். கல் வியாபாரத்தில் மெருகேறும் கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து ‘பிளாக் கிரானைட்’ என்ற பெயரில் கப்பலேறும் கல் பெரும்பாலும் டோலரைட்; புவியியல் கணக்கில் அது கிரானைட்டோடு சேராது. அந்தக் கணக்கு, ஆல்பர்ட் ஷ்ட்ரெக்கைசனின் முயற்சியில் 1970களில் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட ஒரு முக்கோண வரைபடம். குவார்ட்ஸ், ஆல்கலி ஃபெல்ஸ்பார், பிளேஜியோகிளேஸ் மூன்றையும் சேர்த்து 100 என்று கொண்டால் குவார்ட்ஸ் 20க்கும் 60க்கும் இடையே இருக்க வேண்டும். ஃபெல்ஸ்பார்களுக்குள் பிளேஜியோகிளேஸின் பங்கு 10 முதல் 65 விழுக்காடு என்றால் அது கிரானைட். 65ஐத் தாண்டினால் கிரானோடையோரைட், 90ஐத் தாண்டினால் டோனலைட். பேச்சு வழக்கில் இவை எல்லாவற்றையும் கிரானைட்டுகள் என்றே சொல்வார்கள், இக்கட்டுரையிலும் அப்படியே.

இந்த வரைபடத்தில் சர்ச்சைக்கு இடமில்லை. எண்ணத் தெரிந்தால் போதும். குறை என்னவென்றால், அது மலையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரானோடையோரைட்டும் இமயமலைக் கிரானோடையோரைட்டும் முக்கோணத்தின் ஒரே கட்டத்தில் விழும்.

மலையோடு சேர்த்து வகைபிரிக்கும் பழக்கம் வடக்கு ஐரோப்பாவில் வேரூன்றியது. பின்லாந்தின் தொல்பாறைகளில் வேலை செய்தவர்கள், மடிப்பு மலை எழும்போது ஊடுருவிய கிரானைட், எழுச்சி ஓயும் தறுவாயில் வந்தது, எல்லாம் அடங்கிய பின் வந்தது என்று காலவரிசையாகப் பிரித்தார்கள். பிரிட்டனில் எச். எச். ரீட் இதை இடத்தோடு இணைத்தார்: ஆழத்தில், பிறந்த இடத்திலேயே மிக்மடைட் என்ற பாதி உருகிய பாறையோடு கலந்து கிடக்கும் கிரானைட்டுகள் முந்தியவை, மேலே ஏறி, சுற்றியுள்ள பாறையைத் துண்டித்து நிற்கும் கிரானைட்டுகள் பிந்தியவை. கிரானைட் ஒன்றல்ல, பல என்பதே அவர் விடாமல் வலியுறுத்திய கருத்து. 1785இல் ஸ்காட்லாந்தின் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் கிரானைட் நரம்புகள் மற்றப் பாறைக்குள் புகுந்திருப்பதைக் கண்டு, அது உருகிய நிலையில் வந்தது என்று ஜேம்ஸ் ஹட்டன் சொன்னபோது தொடங்கிய வழக்கு, ரீட் காலத்தில் வேறு வடிவில் மீண்டும் சூடேறியிருந்தது. உருகாமலே, திட நிலையிலேயே பழைய பாறைகள் கிரானைட்டாக மாறக்கூடும் என்று ஒரு பெரிய அணி வாதிட்டது. டட்டில், போவன் இருவரும் 1958இல் வெளியிட்ட ஆய்வகச் சோதனைகள் அந்த அணியின் பலத்தைக் குறைத்தன. நீரின் அழுத்தத்தில், குவார்ட்ஸும் இரு ஃபெல்ஸ்பார்களும் ஏறத்தாழச் சம அளவில் சேர்ந்த கலவை மிகக் குறைந்த வெப்பத்தில், 700 டிகிரி செல்சியஸை ஒட்டி, உருகுகிறது. இயற்கைக் கிரானைட்டுகளின் வேதிப் பகுப்புகள் அந்தக் கலவையைச் சுற்றியே குவிந்திருந்தன. உருகல்தான் என்பது ஏறக்குறைய உறுதியானது. அடுத்த கேள்வி தானாக எழுந்தது: எது உருகியது?

3. இரண்டு பக்கம், இரண்டு எழுத்து

அதற்குத்தான் புரூஸ் சாப்பலும் ஆலன் வைட்டும் 1974இல் பதில் சொன்னார்கள். ‘பசிபிக் ஜியாலஜி’ இதழில் வந்த அந்தக் கட்டுரை இரண்டே பக்கம். லாக்லன் பட்டையில், நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும், சுமார் 43 கோடி முதல் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டான கிரானைட்டுகள் பெரும் பரப்பில் கிடக்கின்றன. அவை இரு குழுக்களாகப் பிரிகின்றன என்றார்கள். ஒன்று ஏற்கெனவே தீப்பாறையாக (igneous) இருந்த மூலம் உருகி வந்தது, அது ஐ. மற்றது ஒருகாலத்தில் மேற்பரப்பில் சிதைந்து, படிந்து, புதைந்த படிவுப் பாறை (sedimentary) உருகி வந்தது, அது எஸ்.

இந்தப் பிரிவினையின் அடிப்படை எளிய வேதியியல். ஃபெல்ஸ்பார் மழையிலும் காற்றிலும் சிதைந்து களிமண்ணாகும்போது சோடியமும் கால்சியமும் கரைந்து கடலுக்குப் போகின்றன. அலுமினியம் தங்கிவிடுகிறது, பொட்டாசியத்தைக் களிமண் பிடித்துக்கொள்கிறது. ஆகவே களிமண் வழியாக வந்த பாறையில் அலுமினியம் மிஞ்சும், சோடியம் குறையும். அந்தப் பாறை உருகினால் குழம்பிலும் அதே ஏற்றத்தாழ்வு தெரியும். இதை அளக்க, எஸ். ஜே. ஷாண்ட் முன்பே பயன்படுத்திய விகிதம் கைகொடுத்தது: அலுமினாவின் மூலக்கூறு எண்ணிக்கையை கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டால் வகுப்பது. ஃபெல்ஸ்பார் கட்டுவதற்கு இந்த விகிதம் சரியாக 1 வேண்டும். 1ஐ விடக் குறைந்தால் மிஞ்சும் கால்சியம் ஹார்ன்பிளெண்டுக்குப் போகும். கூடினால் மிஞ்சும் அலுமினியம் மஸ்கோவைட், கார்டியரைட், கார்னெட் போன்றவற்றில் அடைக்கலம் புகும். சாப்பலும் வைட்டும் 1.1இல் கோடு கிழித்தார்கள். மேலே எஸ், கீழே ஐ.

வேதியியல் மட்டும் அல்ல, களத்தில் கண்ணால் பார்க்கும் அடையாளங்களும் இருந்தன. ஐ-வகையில் ஹார்ன்பிளெண்டும் டைட்டனைட்டும் இருக்கும்; உள்ளே சிக்கியிருக்கும் கல்துண்டுகள் கருமையான, ஹார்ன்பிளெண்ட் கொண்ட தீப்பாறைத் துண்டுகள். எஸ்-வகையில் ஹார்ன்பிளெண்ட் இருக்காது; சிக்கிய துண்டுகள் உருமாறிய படிவுப் பாறைகள். ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள தொடக்க விகிதம் ஐ-வகையில் 0.704 முதல் 0.706 வரை, எஸ்-வகையில் 0.708க்கு மேல். ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. களிமண் பாறைகளில் ருபிடியம் அதிகம். ஆகவே அவை வயதாக ஆக இந்த விகிதம் ஏறும். எல்லாம் ஒரே திசையைக் காட்டின. பெர்ரிடேல் பகுதியை ஒட்டி வடக்குத் தெற்காக ஒரு கோட்டையே நிலப்படத்தில் வரைய முடிந்தது. அதற்குக் கிழக்கே எஸ்-வகை இல்லை. ஐ-எஸ் கோடு என்று அதற்குப் பெயர். ஒரு புவியியலாளர் சுத்தியலும் உருப்பெருக்குக் கண்ணாடியும் மட்டும் வைத்துக்கொண்டு, 40 கோடி ஆண்டுகளுக்கு முன் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் எது உருகியது என்று சொல்லிவிட முடியும் என்ற நம்பிக்கை பிறந்தது. அந்தக் கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

4. கூமா

எஸ்-வகைக் கருத்துக்கு மிக நல்ல சாட்சியாகவும் மிகச் சங்கடமான சாட்சியாகவும் இருப்பது ஒரே கல்: ஸ்னோயி மலைகளின் வாசலில் உள்ள கூமா நகரத்துக் கிரானோடையோரைட். நிலப்படத்தில் சிறிய திட்டு. அதைச் சுற்றியுள்ள ஆர்டோவீசியன் காலத்து ஆழ்கடல் மணல்-களிமண் அடுக்குகளை 1942இல் ஜெர்மெய்ன் ஜாப்ளின் விரிவாக ஆராய்ந்தார். வெளியிலிருந்து கிரானைட்டை நோக்கி வந்தால் பாறை படிப்படியாக வெந்திருப்பது தெரியும். முதலில் குளோரைட் உள்ள தகட்டுக் கல், பிறகு பயோடைட், பிறகு ஆண்டலுசைட்டும் கார்டியரைட்டும் முடிச்சுகளாகத் தலைகாட்டும், அப்புறம் சில்லிமனைட். அதற்கும் உள்ளே வெண்ணிறக் கிரானைட் கீற்றுகளும் கருநிறப் படலங்களும் மாறிமாறி ஓடும் மிக்மடைட். கடைசியில் கிரானோடையோரைட். அதனுள்ளும் கார்டியரைட்டும் ஆண்டலுசைட்டும் இருக்கின்றன. பால்வெள்ளைக் குவார்ட்ஸ் கட்டிகளும் தகட்டுப் பாறைத் துண்டுகளும் விரவிக் கிடக்கின்றன. பகுத்துப் பார்த்தால் அதன் வேதியியல் சுற்றியுள்ள அடுக்குகளின் வேதியியலை அப்படியே ஒத்திருக்கிறது. படிவுப் பாறை கிரானைட்டாவதை நின்ற இடத்திலேயே காட்டும் இடம் இது.

சங்கடமும் இங்குதான். கூமாவின் கல்லில் கால்சியமும் சோடியமும் மிகமிகக் குறைவு. ஆனால் பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் பெரிய எஸ்-வகைத் திரள்களில் இவ்விரண்டும் அதைவிடத் தெளிவாகக் கூடுதல். கண்ணுக்குத் தெரியும் ஆர்டோவீசியன் அடுக்குகளை எவ்வளவு உருக்கினாலும் அந்தத் திரள்கள் கிடைக்காது. இதை முதலில் சொன்னவர்களும் சாப்பலும் வைட்டும்தான். அவர்கள் கண்ட வழி: மேலே தெரியும் அடுக்குகளுக்கு அடியில், அவ்வளவாகச் சிதையாத, ஃபெல்ஸ்பார் மிகுந்த வேறொரு பழைய படிவுப் பாறை இருந்திருக்க வேண்டும், அதுவே உருகியது. அந்தப் பாறை எங்கும் மேற்பரப்பில் வெளிப்படவில்லை.

தர்க்கத்தில் பிழை இல்லை. ஆனால் வகைப்பாட்டின் நிலை இங்கே மாறிவிடுகிறது. கிரானைட்டைப் பார்த்து மூலத்தை அறிகிறோம் என்று தொடங்கியது, யாரும் காணாத ஒரு மூலத்தைக் கிரானைட்டுக்கு ஏற்ற மாதிரி வனைந்துகொள்வதில் போய் நிற்கிறது.

5. கஞ்சியும் பருக்கையும்

கிரானைட் தன் மூலத்தின் பிம்பம் என்ற கருத்துக்கு இன்னொரு தூணும் இருந்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கிரானைட்டுகளில் சிலிக்கா கூடக்கூட இரும்பும் மக்னீசியமும் நேர்கோட்டில் குறைகின்றன. இதற்குச் சாப்பலும் வைட்டும் சொன்ன காரணம்: மூலப்பாறை முழுதாக உருகுவதில்லை; உருகிய குழம்பும் உருகாத மிச்சமும் சேர்ந்தே மேலேறுகின்றன; வழியில் மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிகிறது. கஞ்சியில் பருக்கை கூடுதலாக இருந்தால் ஒரு கெட்டி, குறைந்தால் ஒரு கெட்டி. கஞ்சியும் பருக்கையும் அதே பானையிலிருந்து வந்தவைதான். அப்படியானால் நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் மூலப்பாறையே கிடைத்துவிடும்.

இதை ஏற்காதவர்கள் பலர். 1987இல் வால், கிளெமன்ஸ், கிளார்க் மூவரும் எழுதிய விமர்சனம் கூர்மையானது. மிச்சம் என்று சொல்லப்படும் பிளேஜியோகிளேஸ் படிகங்களில் வளையம் வளையமாக வேதி அடுக்குகள் தெரிகின்றன. அவை குழம்பில் வளர்ந்த படிகங்களின் அடையாளம், ஆழத்தில் உருகாமல் நின்ற பழம்பாறையின் அடையாளம் அல்ல. நேர்கோடும் ஒரே விளக்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. இரண்டு குழம்புகள் வெவ்வேறு விகிதத்தில் கலந்தாலும் நேர்கோடுதான் வரும். கிளெமன்ஸும் ஸ்டீவன்ஸும் பின்னாளில் மூன்றாவது வழியையும் முன்வைத்தார்கள்: பயோடைட் சிதைந்து உருகும் வினையில் கூடவே பிறக்கும் கார்னெட் போன்ற புதுப் படிகங்களைக் குழம்பு அள்ளிக்கொண்டு போவது. பழைய மிச்சத்தைவிட இது சோதனைகளோடு நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கணிப்பு. ஆனால் எரிமலைப் பாறை வடிவிலேயே எஸ்-வகை கிடைப்பதை, அதாவது லாக்லன் பட்டையின் ஹாக்கின்ஸ் எரிமலைப் பாறைகளை, இரு தரப்பும் தத்தம் பக்கம் இழுத்துக்கொண்டதையும் சொல்ல வேண்டும். படிகமும் குழம்புமாக வெளியே கொட்டி உறைந்த பாறையில் கார்டியரைட் முழுப் படிகமாக இருப்பது எந்தத் தரப்புக்கும் கைகொடுக்கக்கூடிய சாட்சி.

அடி விழுந்தது ஐசோடோப்புகளிடமிருந்து. 1982இல் மெக்கல்லக்கும் அதே சாப்பலும் நியோடிமியம், ஸ்ட்ரான்சியம் இரண்டையும் சேர்த்து அளந்தார்கள். இரு குழுக்களுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. ஐ-வகையின் ஸ்ட்ரான்சியம் விகிதம் 0.704இல் தொடங்கி 0.71ஐயும் தாண்டி எஸ்-வகைக்குள் போய்க் கலந்தது. புள்ளிகள் ஒரே வளைந்த பட்டையாக விழுந்தன. 1984இல் கிரே அதைக் கலவைக் கோடாகவே படித்தார்: ஒரு முனையில் மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசத்திலிருந்து வந்த பசால்ட்டு, மறுமுனையில் மேலோட்டுப் படிவு. 1997இல் கீ, காலின்ஸ், மெக்கல்லக் மூவரும் மூன்று முனைகள் வைத்துக் கணக்கிட்டார்கள். அதில் மேலோட்டு முனையாக நின்றது கூமா. முன்பு சங்கடம் தந்த கால்சியமும் சோடியமும் இப்போது கலந்த பசால்ட்டிலிருந்து வந்தவையாயின. காணாத மூலப்பாறை தேவையில்லாமல் போனது.

சாப்பலும் வைட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கலவை ஆழத்தில், மூலப்பாறை உருவானபோதே நடந்திருக்கலாம்; கிரானைட் பிறக்கும்போது நடந்திருக்கத் தேவையில்லை என்றார்கள். 2001இல் தங்கள் பிரிவினையை 25 ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்த்த கட்டுரையிலும் அதே நிலைதான்.

இந்த வாதத்தை முழுப்பாறையின் வேதியியலை வைத்துத் தீர்க்க முடியாது. எது எப்போது கலந்தது என்பதை முழுப்பாறை மறந்துவிட்டது. அதற்குள் இருக்கும் சிர்கான் என்ற கனிமம் மறக்காது. குழம்பில் வளர வளர அது மரத்தின் ஆண்டு வளையம்போல் அன்றன்றைய நிலையை உள்ளே அடைத்துக்கொள்கிறது. 2007இல் ‘சயன்ஸ்’ இதழில் டோனி கெம்பும் உடனுழைத்தவர்களும் லாக்லன் பட்டையின் பெயர்பெற்ற ஐ-வகைக் குடும்பங்களின் சிர்கான்களில் ஹாஃப்னியத்தையும் ஆக்சிஜனையும் வளையம் வளையமாக அளந்து காட்டினார்கள். பழைய தீப்பாறை மறுபடி உருகியதாக எந்தக் கல்லைச் சொல்லிவந்தார்களோ, அந்தக் கல்லிலேயே, கவசத்திலிருந்து வந்த குழம்பு படிவுப் பாறைகளைக் கரைத்துச் செரித்துக்கொண்டே வந்த தடம் இருந்தது. ஐ-வகைக்குள்ளும் படிவு இருக்கிறது. பெயரின் ‘ஐ’ எதைக் குறிக்கிறதோ அது அந்தக் கல்லுக்கே பொருந்தவில்லை.

6. முத்திரை ஏன் நிலைத்தது

அப்படியும் களத்துக்குப் போகும் மாணவர் இன்றும் ஐ என்றும் எஸ் என்றும்தான் குறிப்பேட்டில் எழுதுகிறார். பழக்கதோஷம் மட்டும் காரணமல்ல. ஹார்ன்பிளெண்ட் உள்ள கிரானைட்டும் கார்டியரைட் உள்ள கிரானைட்டும் உண்மையாகவே வேறு. அலுமினியம் மிஞ்சிய குழம்புக்கும் மிஞ்சாத குழம்புக்கும் நடத்தை வேறு. பாஸ்பரஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலுமினியம் மிஞ்சாத குழம்பில் பாஸ்பரஸ் கொண்ட அபடைட் அவ்வளவாகக் கரையாது. ஆகவே படிகமாகி வெளியேறிவிடும், சிலிக்கா கூடக்கூடப் பாஸ்பரஸ் குறையும். அலுமினியம் மிஞ்சிய குழம்பில் அபடைட் நன்றாகக் கரையும். பாஸ்பரஸ் கடைசிவரை குழம்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மிகவும் வெளுத்த, கடைசிக் கட்டக் கிரானைட்டுகளில் இரு வகையும் ஒன்றுபோலவே தெரியும். அலுமினா விகிதம்கூட உதவாது. அங்கே பாஸ்பரஸின் போக்கை வைத்துச் சாப்பல் 1999இல் இரண்டையும் பிரித்தார்.

கவனிக்க வேண்டியது, பாஸ்பரஸ் சொல்வது குழம்பின் குணத்தை. மூலம் தீப்பாறையா படிவா என்பதை அது நேராகச் சொல்வதில்லை. அலுமினியம் மிஞ்சியதற்குப் படிவுப் பாறை ஒரு காரணம். தீப்பாறை மூலத்திலிருந்தும் மெல்லிய அளவில் அந்த மிகை வரக்கூடும். இந்த இரண்டு படிகளையும் ஒரே எழுத்தில் அடக்கியதுதான் 1974ஆம் ஆண்டுப் பெயரிடலின் பலவீனம். 2001இல் ஃப்ராஸ்டும் சகாக்களும் முன்வைத்த வகைப்பாடு இதைத் தவிர்க்கப் பார்த்தது: இரும்புக்கும் மக்னீசியத்துக்கும் உள்ள விகிதம், ஆல்கலிகளுக்கும் கால்சியத்துக்கும் உள்ள வேறுபாடு, அலுமினா நிறைவு ஆகிய மூன்றும் போதும், பிறப்புக் கதை பெயரில் வேண்டாம். நேர்மையான முறை. மேற்கோள்கள் குவிந்தும் பேச்சில் அது எழுத்துகளை வெல்லவில்லை. அதன் பெயர்கள் நாக்கில் நிற்பதில்லை.

எழுத்துகளின் வரிசையும் பின்னால் குழம்பிப்போனது. 1979இல் லாய்சலும் வோன்ஸும் ‘ஏ-வகை’யைச் சேர்த்தார்கள். ஐ, எஸ் இரண்டும் மூலத்தைக் குறிக்க, ஏ மலையாக்கத்தோடு தொடர்பற்ற சூழலைக் குறித்தது. அதோடு ஆல்கலி மிகுதி, நீர்க் குறைவு என்று வேறு பொருள்களும் ஒட்டிக்கொண்டன. ஒரே பட்டியலில் ஒருவரை ஊரை வைத்தும் இன்னொருவரைத் தொழிலை வைத்தும் குறிப்பதால் வரும் குழப்பம்தான். 1982இல் காலின்ஸும் பிறரும் ஏ-வகையை விரிவாக விவரித்த காபோ, மம்புல்லா குடும்பங்கள் அதே லாக்லன் மலையாக்கப் பட்டைக்குள்தான் இருக்கின்றன.

7. மோதாத மலையில் எஸ்

பெயர் மூலத்தை ஊகிப்பதோடு நின்றிருந்தால் பாதகமில்லை. அடுத்த தாவல் புவித்தட்டுகளுக்கு. கண்டமும் கண்டமும் மோதினால் மேலோடு தடித்து, படிவுகள் புதைந்து உருகும். ஆகவே எஸ்-வகை என்றால் மோதல். கடல்தட்டு அமிழும் இடத்தில் ஐ-வகை. பாடநூல்களில் இந்தச் சமன்பாடு பதிந்துவிட்டது. இமயமலை அதற்குக் கைகொடுக்கிறது: மனாஸ்லு போன்ற வெண்கிரானைட்டுகள், சுமார் 2.5 கோடி முதல் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மஸ்கோவைட் உள்ள படிவு வழிப் பாறைகள் உருகி வந்தவை. மோதலுக்கு முந்தைய காங்டீஸ் திரள் திபெத்தின் தெற்கு விளிம்பில் ஐ-வகையாகக் கிடக்கிறது.

மற்ற மலைகளில் சமன்பாடு தடுமாறுகிறது. ஸ்காட்லாந்தில் ஐயாபெட்டஸ் என்ற பழைய கடல் மூடிக் கண்டங்கள் மோதின; அங்கு அதையொட்டி எழுந்த ‘புதிய கிரானைட்டுகள்’ பெரும்பாலும் ஐ-வகை. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் டார்ட்மூர் முதல் லேண்ட்ஸ் எண்ட் வரை உள்ளவை அலுமினியம் மிஞ்சிய எஸ்-வகைகள்தான். ஆனால் அவை வந்தது வரிஸ்கன் மோதலின்போது அல்ல, அது ஓய்ந்து மேலோடு இழுபடத் தொடங்கிய பிறகு, சுமார் 29.5 கோடி முதல் 27.5 கோடி ஆண்டுகளுக்கு முன். எல்லாவற்றையும்விட வினோதம் லாக்லன். எஸ்-வகை என்ற பெயர் பிறந்த அந்த மலையில் கண்டமும் கண்டமும் மோதவே இல்லை. அது கோண்ட்வானாப் பெருங்கண்டத்தின் பசிபிக் விளிம்பில், தட்டு அமிழும் எல்லைக்குப் பின்புறம் வளர்ந்த பட்டை. 2008இல் காலின்ஸும் ரிச்சர்ட்ஸும் தந்த விளக்கம்: அமிழும் தட்டு பின்வாங்கும்போது பின்புறக் கடல் விரிந்து படிவுகள் சேர்கின்றன, இடையில் ஒரு குறுகிய அழுத்தத்தில் அவை தடிக்கின்றன, தட்டு மீண்டும் பின்வாங்கும்போது கீழிருந்து வரும் சூடான பசால்ட்டு அவற்றை உருக்குகிறது. மோதல் இல்லாமலே எஸ்-வகைக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிடுகிறது: தடித்த படிவு, போதிய சூடு.

1984இல் பியர்ஸ், ஹாரிஸ், டிண்டில் மூவரும் போட்ட ருபிடியம்–இட்ரியம்–நையோபியம் வரைபடத்துக்கும் இதே கதி நேர்ந்தது. சூழல் தெரிந்த 600க்கும் மேற்பட்ட பகுப்புகளை வைத்து அவர்கள் நான்கு புலங்களைப் பிரித்தார்கள். மோதலுக்குப் பிந்தைய கிரானைட்டுகள் எந்தப் புலத்திலும் விழக்கூடும் என்று எச்சரிக்கவும் செய்தார்கள். எச்சரிக்கையை மறந்துவிட்டு வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்ட கட்டுரைகள் ஏராளம். ஒரு பழைய எரிமலை வளைவின் பாறை 20 கோடி ஆண்டுகள் கழித்து வேறு காரணத்தால் உருகினாலும், அந்தக் கிரானைட் வரைபடத்தில் எரிமலை வளைவுப் புலத்தில்தான் விழும். புலம் சொல்வது பாட்டனின் ஊரை. இன்னும் பின்னால், ஆர்க்கேயன் காலத்துக்குப் போனால் எழுத்துகளே பொருந்துவதில்லை: அங்கே ஆட்சி செய்பவை கார்னெட் மிச்சத்தோடு பசால்ட்டு உருகிப் பிறந்த, சோடியம் மிகுந்த டோனலைட்டுகள். கர்நாடகத்தில் ராமநகரம் வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் ஓடும், 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட குளோஸ்பேட் கிரானைட்டில் கவசத்திலிருந்து வந்த குழம்பும் மேலோடு உருகிய குழம்பும் கலந்து நிற்கின்றன. அதற்கு ஐ என்பதா எஸ் என்பதா என்ற கேள்வியே பயனற்றது.

8. தகரம்

தொழில்துறையின் பார்வை வேறு. ஜப்பானில் ஷுன்சோ இஷிஹாரா 1977இல் கிரானைட்டுகளை மாக்னடைட் வரிசை, இல்மனைட் வரிசை என்று பிரித்தார். அளக்க வேண்டியது காந்த ஏற்புத்திறன். கையடக்கக் கருவியைக் கல்லில் வைத்தால் போதும். குழம்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் மாக்னடைட், கரிமம் உள்ள படிவுகளைத் தின்று ஆக்சிஜன் ஒடுக்கம் அடைந்திருந்தால் இல்மனைட். முன்னதோடு மாலிப்டினம், பின்னதோடு தகரம். எஸ்-வகைகள் பெரும்பாலும் இல்மனைட் வரிசை. ஆனால் ஐ-வகையிலும் இல்மனைட் வரிசை உண்டு. இந்தப் பெயர் பிறப்பைப் பற்றி வாய்திறப்பதில்லை, இருந்தும் சுரங்கம் தேடுபவருக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

மலேசியாவின் மெயின் ரேஞ்ச் கிரானைட் இதற்கு நல்ல உரைகல். டிரையாசிக் காலத்து அந்தத் தகரக் கிரானைட் நெடுங்காலம் எஸ்-வகைக்கு ஆசியாவின் முன்மாதிரியாகக் கருதப்பட்டது. கண்ட மோதலுக்கும் அதுவே சாட்சியானது. 2013இல் அஸ்மான் கானியும் சகாக்களும் மறுபடி பார்த்து, ஐ-க்கும் எஸ்-க்கும் இடைப்பட்ட குணங்கள் உள்ளது என்றார்கள். தகரம் அங்கேதான் இருந்தது. எழுத்து மட்டும் இடம் மாறியது.

9. கல் இல்லாத இடத்தில்

இந்த விவாதம் ஆஸ்திரேலியாவோடு முடிந்துபோன பழங்கதை என்று நினைத்துவிட முடியாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் குன்றுகளில் உருமாறிய படிவுப் பாறைக்குள் கிடைக்கும் சிர்கான் மணிகளில் மிகப் பழையது ஏறத்தாழ 440 கோடி ஆண்டுகள் வயதுடையது. அவற்றைப் பெற்ற பாறைகள் ஒன்றும் மிஞ்சவில்லை. 2017இல் பர்ன்ஹமும் பெர்ரியும் லாக்லன் பட்டையின் ஐ, எஸ் கிரானைட்டுகளிலிருந்து எடுத்த சிர்கான்களை அளவுகோலாக வைத்து இந்த மணிகளைச் சோதித்தார்கள். எஸ்-வகைச் சிர்கானில் பாஸ்பரஸும் அருமண் தனிமங்களும் கைகோத்து ஏறும், ஐ-வகையில் அப்படி ஏறாது. ஜாக் ஹில்ஸ் மணிகளில் மிகப் பெரும்பாலானவை ஐ-வகையை ஒத்திருந்தன. ஆகவே அந்த ஆதிக் கிரானைட்டுகள் தீப்பாறை மேலோடு உருகி வந்தவை, படிவுகள் உருகி வந்தவை அல்ல என்பது அவர்கள் முடிவு.

அளவீட்டில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது காட்டுவது, குழம்பில் பாஸ்பரஸ் தங்கும் அளவுக்கு அலுமினியம் மிஞ்சவில்லை என்பதைத்தான். அங்கிருந்து ‘படிவு உருகவில்லை’ என்பதற்குப் போக ஐ-வகையில் படிவு கிடையாது என்று கொள்ள வேண்டும். அளவுகோலாக எடுத்த அதே லாக்லன் பட்டையில், ஐ-வகைச் சிர்கான்களின் வளையங்களில், கெம்ப் குழுவினர் அதற்கு 10 ஆண்டுகளுக்கு முன்பே மறுத்தது அதைத்தான். ஜாக் ஹில்ஸ் மணிகளுக்கும் ஆக்சிஜன், ஹாஃப்னியம் இரண்டையும் வளையம் வளையமாக, பாஸ்பரஸோடு ஒரே மணியில் சேர்த்துப் படித்தால்தான், கலந்த குழம்பா, தூய தீப்பாறைக் குழம்பா என்று பிரிக்க முடியும்.